அம்மா மெதுவாக உட்கார்ந்த நாள்

என் செல்ல நைனாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அங்கேயும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கவலைப்படுவாய்.

நீ கண்ணை மூடிய மறுவருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது, அதனால் எனக்குத் தினமும் திட்டு உண்டு. இடது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுந்துவிடுவாள், உட்காரும்போது மட்டும் பாதியில் தொப்பென்று விழுவாள். ஏரிக்குள் குந்தி, இறாலைப் போட்டுக்கொள்ளும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைத் தடவி இறால் பிடித்தவள் அவள். "குந்த முடியாதவளுக்கு ஏரியில இன்னாடி வேலை?" என்று அழுதாள்.

பெரிய புத்திசாலி மாதிரி நான் ஒன்று செய்தேன். அவளை ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டேன். அழகாகக் குந்தினாள், எழுந்தாள். இறால் பிடிக்க வந்த பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். குணமாகிவிட்டது என்று நம்பி வீட்டில் முக்காலியைப் போட்டால், மறுபடியும் தொப்!

பொன்னேரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "தண்ணி தாங்கிடுச்சுக்கா. காலுக்கு வேலையே இல்ல," என்றாள். எழும்போது தொடைத்தசை சுருங்குகிறதாம். உட்காரும்போது அதே தசை நீள வேண்டும், நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்க வேண்டும். மூளையும் முதுகுத்தண்டும் சேர்ந்து அந்தப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகின்றன, நாம் நங்கூரக் கயிற்றை விடுவது மாதிரி. அம்மாவுக்குக் கயிறு ஒரேயடியாக நழுவிவிடுகிறது. இத்தனை வருஷம் யோசிக்காமலே உட்கார்ந்தோமே, இதையெல்லாம் யார் நைனா பார்த்துக்கொண்டது?

அந்தப் பெண் சொன்னபடி வாரத்துக்கு வாரம் கரைப்பக்கம் நகர்ந்தோம். தொடையளவு, முழங்காலளவு, பிறகு கணுக்கால். எட்டு எண்ணி முடிக்கும்வரை மெதுவாக இறங்க வேண்டும். கணுக்கால் தண்ணீரில் அம்மா மூன்று எண்ணுவதற்குள் விழுந்து சேறு பூசிக்கொண்டாள்.

"நைனா இருந்தா புடிச்சிருப்பாரும்மா," என்றேன்.

"உங்க நைனா இருந்தா தாங்கித் தாங்கியே என்னை முடமாக்கியிருப்பாரு!"

உன்னைச் சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவள் உட்காரும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் தாங்கியது நான்தானே?

நேற்றுக் காலை தண்ணீரை விட்டு மேலே வந்தோம். மணலில் முக்காலி போட்டேன். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. "கைய எடு," என்றாள். ஐந்து எண்ணும்போது தொடை நடுங்கியது. ஆறு. ஏழு. எட்டில் உட்கார்ந்தாள், சத்தமே இல்லாமல். அழுதது நான்தான்.

"இன்னாத்துக்கு அழுவுற? நாளைக்கு இறாலுக்குப் போவணும், வா," என்றாள்.

போகிறோம் நைனா. இனி அவளே கூப்பிட்டால் ஒழிய கை நீட்ட மாட்டேன். ஆனால் கூப்பிட்டால் எட்டும் தூரத்தில்தான் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
சும்மா நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் மகள்