மூக்கை அடைத்த கிளிப்

இன்று தொழிற்சாலை மருத்துவ அறையில் நுரையீரல் சோதனைக்காக மூக்கை அடைக்கும் அந்தக் கிளிப்பை மறுபடியும் மாட்டினார்கள். ரப்பர் வாடை ஏறியதும், நீ போய் ஒரு மழைக்காலம் கடந்த பிறகும், உன் மேல் இருந்த பொறாமை அப்படியே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லம் வடகாலுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நம் இருவருக்கும் எப்போதும் ஒரே சீட். ஜன்னலோரம் நீ. ஏறியதும் தூங்கிவிடுவாய். வாய் மூடியிருக்கும், மூச்சு போவதும் வருவதும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்போடு இருக்கும் நான் வாயைப் பிளந்து தூங்குவேன். "இன்னாக்கா, டயர்ல காத்து எறங்குதுன்னு நெனச்சேன்" என்பார் பின்சீட்டில் இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் சேகர். பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சத்தத்தில் நீ கண் விழித்து, "இன்னாடி ஆச்சு?" என்பாய், அப்போதுதான் முகம் கழுவியவளைப் போல. எனக்கோ நாக்கு வறண்டு உதடு வெடித்திருக்கும்.

நாம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போன ரயிலில் உன்னைக் காட்டி என் கணவரும் சொன்னார்: "அவங்களப் பாரு, எவ்ளோ அமைதியா தூங்கறாங்க." அதற்காக அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

நம் பெயின்ட் பிரிவுக்கு முதன்முதலாக நுரையீரல் சோதனை வைத்த நாள் நினைவிருக்கிறதா? ஆணா பெண்ணா என்று கேட்டுத் தட்டிய பிறகுதான் நர்ஸ் மூச்சை ஊதி அளக்கும் மெஷினைத் தொடங்கினார். "பொம்பளன்னு தட்டினா மெஷினு கம்மியாத்தான் எதிர்பாக்குமாம். வூட்லதான் எவனும் கம்மியா எதிர்பாக்க மாட்றான்" என்றாய். வரிசை முழுக்கச் சிரிப்பு. சேகர் ஊதும்போது வயிறு ஏறி இறங்கியது. நமக்குத் தோள்தான் ஏறுகிறது என்றேன். "வயித்த உள்ள இழுன்னு சொல்லியே வளத்தா, வேற எங்கடி ஏறும்?" என்றாய்.

பிறகு உனக்குக் கிளிப்பை மாட்டினார்கள். மூக்கு அடைபட்டதும் நீ வேறு ஆளானாய். கண் விரிந்து, தோள் குலுங்கி, குட்டிக் குட்டி மூச்சு. பிடுங்கி எறிந்து, "முடியல சிஸ்டர்" என்றாய். எனக்கு அந்தக் கிளிப் ஒரு பொருட்டே இல்லை. என் மூக்கு என்றைக்குத் திறந்திருந்தது? ஒரே ஊதில் முடித்தேன்.

"எப்டிடி வாயாலயே வுட்ற? எனக்கும் சொல்லிக் குடு" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். கேன்டீனுக்குப் பின்னால் உன் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். "அவசரப்படாத. நாக்கத் தளத்து. கொஞ்சமா இழு." நீ என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் ஒரு நாசியில் குழாய், மறு நாசி அடைப்பு. நீ வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய், நான் சொல்லிக்கொடுத்தபடியே, சத்தமே இல்லாமல். "பெரியம்மா, அம்மா மூச்சு வுட்றதே தெரியல" என்றாள் உன் மகள் பயந்துபோய். கட்டிலருகே அழுதுகொண்டே இருந்த எனக்கு அப்போதும் எரிந்தது. என் மூச்சையும் என்னைவிட அழகாக விட்டாய்.

இன்று என் அளவு நன்றாக வந்திருப்பதாக நர்ஸ் சொன்னார். பக்கத்தில் தோற்பதற்கு நீ இல்லை. மாலை பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு என் இடத்திலேயே உட்கார்ந்தேன். வாயை இறுக மூடி, மூக்கால் இழுத்துப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். ஒரகடம் கூட்டுரோடு வரை தாங்குகிறது. அதற்குமேல் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அந்த நொடியில் உன் மேல் வரும் எரிச்சல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.