நீ வேட்டைக்குப் போனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை

கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்றாலும், என் பிரியத்துக்குரிய அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். பட்டாசு லேபிள் ஆர்டர் இந்தத் தடவை சீக்கிரமே வந்துவிட்டது. அச்சகத்தை என் வீட்டுக்காரர், உன் மச்சான், பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அடுத்த மாதம் நான் அமெரிக்கா வருகிறேன். மிசோரியில், நீ போய்வந்துகொண்டிருந்த அதே மலைக்காட்டுக்கு. காட்டு வான்கோழி வேட்டைக்கு.

சிரிக்கிறாயா? வீட்டில் கோழி அறுத்தாலே வாசலுக்கு எழுந்து போய்விடுகிற ஆள் நீ. நீ துப்பாக்கி தூக்கினாய் என்று யாராவது சொன்னால் நான் எப்படி நம்புவேன்?

ஆனால் சொன்னார்கள். நீ இறந்து எட்டு மாதம் கழித்து அச்சகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் டேல். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவராம், ஓய்வுபெற்ற தச்சராம். நாலு வருஷமாக நீயும் அவரும் வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் போவீர்களாம். அடுத்த சீசனுக்குக் காட்டோரம் ஒரு மரவீட்டை இரண்டு பேருக்கு நீ முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தாயாம். இரண்டாவது பெயர் என்னுடையது. “உங்கள் அண்ணன் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த திட்டம் இது. நீங்கள் வரவேண்டும்” என்று எழுதியிருந்தார்.

உன் மச்சான் படித்துவிட்டு, “இது பார்சல் மோசடிக்காரப் பயலுக வேலை. பதில் போடாத” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் பதில் போட்டேன். நீங்கள் என் அண்ணனின் நண்பர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன்.

ஒரு படம் வந்தது. ஒரு பெரிய ஓக் மரம். அதன் அடியில், இலை இலையாக அச்சிட்ட சட்டை போட்டு, மடியில் துப்பாக்கியோடு நீ. சிரித்துக்கொண்டிருந்தாய். “இதுதான் என்னிடம் இருக்கும் அவருடைய கடைசிப் படம்” என்று எழுதியிருந்தார்.

படம் வந்தால் முதலில் அதன் அளவையும் தேதியையும் பார்ப்பது என் தொழில் பழக்கம் என்று உனக்குத் தெரியும். பார்த்தேன். நீ இறந்த நாள். காலை ஆறு மணி.

அண்ணே, மதினி எங்களுக்கு என்ன சொன்னார் தெரியுமா? “தூக்கத்துலயே போயிட்டாக, மாரி. விடியக்காலம் எழுப்புனா உசுரில்ல.” இதே வார்த்தைகள். அம்மாவிடமும் இதையேதான் சொன்னார். உன்னை எரித்ததை நாங்கள் போன் திரையில் பார்த்தோம். விடிவதற்குள் இறந்துபோன மனுஷன் ஆறு மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து எப்படிச் சிரிப்பான்?

அன்றிலிருந்து நான் வேட்டைக்குத் தயாரானேன். அதாவது, அப்படி நடித்தேன். வேட்டை பழக வரும் ஆள்போல டேலிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எங்கே தங்குவது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், குளிர் எப்படி இருக்கும், என்ன உடுத்துவது? அவரும் பொறுமையாக எழுதினார். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக்கூடாது, வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறங்களில் இருக்கும், தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவார் என்றார். உட்காரும்போது நம் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும், பின்னாலிருந்து குண்டு வந்தாலும் மரம் தாங்கும் என்றார்.

ஒவ்வொரு பதிலும் என் சந்தேகத்தைக் கூட்டியது. இந்தக் காட்டில் எப்போதாவது விபத்து நடந்திருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை அன்றன்றைக்கே பதில் போட்ட மனுஷன், அதற்கு மட்டும் பதில் போடவில்லை.

உன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணி நுனி எட்டிப் பார்த்தது. சிவப்பு.

அப்போதும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஒரு மனுஷனைக் கோழி என்று நினைக்க முடியுமா? ஆமத்தூரில் ஒருவர் வான்கோழி வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கறிக்கா, வளக்கவா?”

“சும்மா பாக்கத்தான்.”

“பாக்கவா? சிவகாசிலருந்து இம்புட்டுத் தொலவு வான்கோழி பாக்கவா வந்தீக? எந்த ஆபீசு நீங்க?”

ஆபீஸ் இல்லை, அச்சகம் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், அத்தனை சேவலும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டிக் கத்தின. நான் துள்ளிவிட்டேன்.

“எந்தச் சத்தத்துக்கும் பதில் சொல்லும்மா இதுக. அங்கன ஃபேக்டரில வெடி போட்டுப் பாத்தாகன்னா, இங்கன அம்புட்டும் ஒண்ணா கத்தும்” என்றார்.

ஒரு சேவல் வேலியோரம் வந்து நின்றது. அதன் தலை நீலமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. முப்பது வருஷமாக வண்ணத்தோடு புழங்குகிறேன், உயிருள்ள ஒன்று இப்படி நிறம் மாறி நான் பார்த்ததில்லை. புதருக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். உன்னை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். டேல்தான் சுட்டிருக்க வேண்டும். மதினியும் சேர்ந்து மறைக்கிறார். எதற்காக?

மறுநாள் காலையில் மதினியை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே அப்போது சாயங்காலம். சுகம் விசாரிக்கவில்லை. உன் படத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன்.

“இது எப்ப எடுத்தது மதினி?”

அவர் முகம் வெளிறிப்போனது.

“யார் சுட்டது எங்க அண்ணனை?”

“சுட்டதா? ஐயோ மாரி, என்ன பேச்சுப் பேசுற! யாரும் சுடல. நெஞ்சு நின்னுபோச்சு. அந்த மரத்தடிலயே.”

“அப்ப ஏன் பொய் சொன்னீக?”

“பின்ன என்ன சொல்லச் சொல்ற? அதுக்கு முந்தின வாரமே நெஞ்சு வலிக்குன்னாக. டாக்டர் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. சீசன் முடியட்டும்னாக. நான் சண்ட போட்டேன், கேக்கல. சரி போங்கன்னு காப்பி போட்டுக் குடுத்து நான்தான் கதவத் திறந்துவிட்டேன். இதச் சொன்னா நீங்க எல்லாரும் என்னையத்தான கேப்பீக? நீ ஏன் விட்டேன்னு கேப்பீகல்ல?”

கேட்டிருப்பேன், அண்ணே. நிச்சயமாகக் கேட்டிருப்பேன்.

ஆனாலும் அந்த நிமிஷத்தில்கூட என் புத்தி எங்கே போனது பார். இறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னேன். மதினி உடனே அனுப்பினார். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். இதயம் என்றுதான் இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுததில் பாதி வெட்கம்.

மதினி சொல்லியிருப்பார் போல. அன்றைக்கே டேலிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. விபத்தைப் பற்றி நான் கேட்டபோதுதான் எங்களுக்கு உண்மை தெரியாது என்று அவருக்குப் புரிந்ததாம், அதனால்தான் பதில் போடவில்லையாம். அந்தத் துணி சிவப்பு இல்லையாம், ஆரஞ்சாம். பறவையைத் தூக்கிவரும்போது யாரும் தவறாகச் சுட்டுவிடாமல் இருக்க அதில் சுற்றிக்கொள்வார்களாம். என் கண்ணுக்கு நிறம் தப்பிய முதல் தடவை அது. படம் எடுத்த பிறகு நீ முகத்தை மறைக்கும் வலையை இறக்கிக்கொண்டாய். அவர் இருபது அடி தள்ளி இன்னொரு மரத்தில் சாய்ந்துகொண்டார். வான்கோழியின் கண் அவ்வளவு கூர்மையாம், விரலை அசைத்தாலும் ஓடிவிடுமாம். அதனால் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் பெட்டைபோலக் குரல் கொடுக்க, ஒரு சேவல் தோகையை விரித்துக்கொண்டு உனக்கு நேரே வந்து நின்றது. நீ சுடவே இல்லை. அது மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. நீ இரக்கப்பட்டு விட்டுவிட்டாய் என்று அவர் நினைத்தாராம். “இவ்வளவு அசையாமல் உட்கார இன்றுதான் கற்றுக்கொண்டார் என்று பெருமைப்பட்டேன். ஒரு மணி நேரம் பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தேன்” என்று எழுதியிருந்தார். பிறகுதான் எழுந்து வந்து உன் தோளைத் தொட்டாராம்.

அந்தச் சேவல் வந்தபோது நீ இருந்தாயா? பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் விட்டாயா? இதை யாரிடம் போய் விசாரிப்பேன்?

இப்போது டேல்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மதினிமேலும் இல்லை. உன்மேல்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் பேசினாயே, நெஞ்சு வலியைச் சொல்லவில்லை. நாலு வருஷம் காட்டுக்குப் போனாய், அதையும் சொல்லவில்லை. நான் கேலி செய்வேன் என்று பயந்தாயா? இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருந்தாய்?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. முழுசாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நெழல்லதான உக்காந்திருந்தான்?” ஆமாம் என்றேன்.

சென்னையில் விசா நேர்காணலில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். வான்கோழி பார்க்க என்றேன். அந்த அதிகாரி சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். துப்பாக்கியை நான் தொடப்போவதில்லை, டேலிடம் சொல்லிவிட்டேன். மதினி இதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. “நீ வந்தா நானும் வாரேன் மாரி. தனியா என்னால ஆகாது” என்றார். அதனால் மரவீட்டுப் பதிவில் உன் பெயர் இருந்த இடத்தில் மதினி பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த மரத்தடியில் நானும் மதினியும் ஒட்டி உட்காருவோம். அசையக்கூடாது என்று டேல் சொல்வார். நான் அசைவேன், அண்ணே. எத்தனை பறவை ஓடினாலும் சரி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மதினியின் கையைத் தொட்டு, “இருக்கீகளா?” என்று கேட்பேன். அவர் “இருக்கேன்” என்று சொல்லும்வரை விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எல்லாரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் உன்னிடமே வந்து நிற்கும்
உன் தங்கச்சி,
மாரீஸ்வரி
சிவகாசி