முப்பதாம் நாளும் வைஃபை டப்பாவும்

24 ஆகஸ்ட் 2008, ஞாயிறு

திண்டுக்கல் நகரப் பெருமக்களுக்கு மிகுந்த பணிவுடன் தெரிவிப்பது: எங்கள் வீட்டில் உப்புமாவின் ஆட்சி தொடர்ந்து நீடிக்கிறது. சட்னி வெளிநடப்பு செய்துவிட்டது. அப்பா கிண்டுகிறார், நான் விழுங்குகிறேன். இருவருமே கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டோம்.

அம்மா இறந்து மூன்றாவது வாரம் நடக்கிறது. எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெறும் எழுத்தாகத்தான் இருக்கிறது.

அடக்கத்தன்று தெருவே அழுதது. நான் போய் டீத்தூள் வாங்கி வந்தேன். "கல்லுளிமங்கன்" என்று சித்தி காதுபடவே சொன்னாள். மலைக்கோட்டை அடிவாரத்தில் பிறந்தவன் கல்லாக இல்லாமல் பஞ்சாகவா இருப்பேன்?

26 ஆகஸ்ட், செவ்வாய்

குவைத்திலிருந்து ஜெஸ்ஸி அக்கா போன். அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் இப்போதும் லீவு இல்லையாம்.

"அடக்கத்தைத்தான் போன்லயே கேட்டேன். முப்பதாம் நாள் ஜெபத்தையாவது கண்ணால பாக்கணும்டா. காட்டுவியா?"

"நான் இருக்கேன்ல. காட்டுறேன்."

சொல்லிவிட்டேன். ஜெபம் அடுத்த புதன்கிழமை, வாசலில் பந்தலுக்குக் கீழே. லேப்டாப்பை அங்கே வைத்தால் ஸ்கைப்பில் அக்கா பார்க்கலாம். சிக்கல் ஒன்று: லேப்டாப்பில் நெட் வயர் சொருகும் ஓட்டை உடைந்துவிட்டது (உபயம்: அடியேனும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்). வைஃபை ஒன்றுதான் வழி. அந்த வைஃபை டப்பா அம்மாவின் அறையில், போனுக்குப் பக்கத்தில் இரண்டு கொம்போடு உட்கார்ந்திருக்கிறது. சிக்னல் வாசல் வரை வரவில்லை.

டப்பாவுக்குள் வேறு சாஃப்ட்வேர் ஏற்றினால் வீச்சு கூடுமாம். நெட்டில் படித்தேன். இந்த ஏரியாவில் அதற்குத் துணிந்த ஒரே ஆள் நான்தான்.

28 ஆகஸ்ட், வியாழன்

துணிந்த ஆளின் கதை.

கரண்ட் கட் முடியும்வரை காத்திருந்துதான் ஆரம்பித்தேன். அவ்வளவு முட்டாள் இல்லை. பாதி ஏறிவிட்டது. அப்போது வோல்டேஜ் குறைந்து ஃபேன் நொண்டியது. அப்பா எழுந்தார். எங்கள் தெருவில் ஃபேன் நொண்டினால் எல்லோரும் செய்வதைச் செய்தார்: மீட்டர் பக்கத்துக் கைப்பிடியைத் திருப்பி ஃபேஸ் மாற்றினார். மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போய் வரும். அந்த ஒரு நொடி டப்பாவுக்குப் போதுமாக இருந்தது.

லேப்டாப் பேட்டரியில் ஓடியது, பிழைத்தது. டப்பா பாதி சாஃப்ட்வேரோடு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது, அதற்கு மேல் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

"என்னப்பு, இப்ப காத்து வருதா?"

"வருதுப்பா."

வேறு என்ன சொல்ல? அவரிடம் முன்னாலேயே சொல்லி வைக்காதது யார்?

29 ஆகஸ்ட்

சிமிட்டுகிறது.

30 ஆகஸ்ட், சனி

டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேகம்பூர் போனேன். அஜீஸுன்னிசா அக்காவின் பிரவுசிங் சென்டர். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் வயர் ஓட்டை நன்றாக இருக்கிறது.

"என்னலே இது, கொம்பு மொளச்ச டிபன் பாக்ஸு?"

"கோமாவுல இருக்குக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அப்படித்தான் கிடந்தாள். அக்கா துணியை எடுத்து, துடைத்த மானிட்டரையே மறுபடி துடைத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாக்கு மட்டும் தனியாக வேலை பார்க்கிறது போலிருக்கிறது.

வைத்தியம் இதுதான்: டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்ததும், வயர் வழியாகப் புது சாஃப்ட்வேர் வருகிறதா என்று அது செத்த நேரம் காது கொடுக்கும். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் கம்ப்யூட்டர் ஃபைலைத் தள்ளிவிட வேண்டும். பிடுங்கு, சொருகு, தள்ளு. காலை முழுக்க இதே. ஒரு தடவை கூட வாங்கிக்கொள்ளவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போனோம். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

1 செப்டம்பர், திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி. (வயிறு நலம்.)

மறுபடி பேகம்பூர். டப்பாவை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையின் மூலையைக் கவனித்தேன். டப்பாவைப் பிடுங்கியதும் அங்கே நெட் வயருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி வருகிறது. சொருகிய பிறகும் அது போக நேரமாகிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப இது வாயத் தொறக்குறதுக்குள்ள அது காத மூடிக்கிருது. ரெண்டையும் நேரா ஏன்லே கோக்குற? நடுவுல சுவிட்ச்சப் போடு."

சென்டரின் எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் போய்ச் சேரும் பெட்டிதான் சுவிட்ச். டப்பா செத்தாலும் பிழைத்தாலும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டியோடு தொடர்பு அறாது. வாயைத் திறந்து வைத்தபடியே காத்திருக்கலாம்.

போட்டேன். பிடுங்கி, சொருகி, தள்ளினேன். ஃபைல் போனது. சிமிட்டல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பச்சை வந்தது, வந்து நின்றது.

"ஏலே, பொழச்சிருச்சுலே!" அக்கா கை தட்டினார். சமோசா வாங்கிக் கொடுத்தார். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. சமோசாவைத் தின்றேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தேன். வாசலில் மூன்று கோடு சிக்னல். இனி என்னை டாக்டர் ஜெரோம் என்றே அழைக்கவும்.

3 செப்டம்பர், புதன்

வெற்றி. பந்தலுக்குக் கீழே நாற்காலி, நாற்காலிமேல் லேப்டாப், அதில் ஜெஸ்ஸி அக்கா முக்காடு போட்டுக்கொண்டு. ஜெபம் முழுவதையும் பார்த்தாள். டப்பா ஒரு தடவை கூடத் திணறவில்லை. எல்லாம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது மட்டும் கரண்ட் போய் லைன் அறுந்தது. பிறகு வந்தது. தெரு மறுபடி அழுதது, எனக்குக் கண் காய்ந்தே இருந்தது. கல் என்றால் கல்.

4 செப்டம்பர், வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு பகுதி புளுகு. யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.

கரண்ட் போகவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அக்கா, "அம்மா ரூமக் காட்டுடா" என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தேன். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஏண்டா இம்புட்டு இளைச்சுப் போன? வெஞ்சனம் எதும் வச்சுச் சாப்டுறியா இல்லியா?"

அவ்வளவுதான் கேட்டாள். வெஞ்சனம், தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வேறு ஏதோ சத்தம் வந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று கையை நீட்டி டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அம்புட்டுப் பாடுபட்டு எழுப்பிய டப்பா. டாக்டரே பிடுங்கினார்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். "கரண்ட் போயிருச்சுப்பா" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அண்ணாந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாப்பு, போயிருச்சு" என்று சொல்லிக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.