புதன்கிழமைச் சாப்பாடு

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வத்தக்குழம்பு வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் உன் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண் இருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் எந்நேரமும் காதில் எதையாவது செருகிக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இன்று மதியம் நம் மெஸ்ஸுக்குப் போனேன். நீ போன பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், இன்று ஏனோ கால் இழுத்த பக்கம் போய்விட்டேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லலாமா, கூடாதா என்று தெரியாமல்தான் இதைத் தொடங்குகிறேன்.

அந்த இடத்தை நாம் கண்டுபிடித்ததே ஒரு மழை நாளில். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில் மேசை போட்டு நடத்துகிறார்கள். கேட்டில் 'வீட்டுச் சாப்பாடு' என்று ஒரு தகரம் தொங்கும். உள்ளே அக்கா சமைப்பாள், அவள் வீட்டுக்காரர் பரிமாறுவார். அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "வீட்டுச் சாப்பாடாம்டி. அதைச் செஞ்சு செஞ்சுதானே இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. அதையே இங்க வந்து வேற சாப்பிடணுமா?" என்றாய்.

மழை விடவில்லை, அதனால் உட்கார்ந்தோம். அண்ணன் இலை போட்டார். வாழைப்பூப் பொரியல் வைத்தார், கீரைக்கூட்டு வைத்தார். நீ பொரியலை முடித்ததும் வாளியோடு வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா மேடம்?" என்று கேட்டார். நீ அவரை நிமிர்ந்து பார்த்து முழித்தாய். அவர் திரும்பவும் கேட்டார். "வைங்க" என்றாய். அதற்குப் பிறகு அவர் எதை எடுத்துக்கொண்டு வந்தாலும் வேண்டாம் என்று நீ சொல்லவே இல்லை. ரசத்தையும் கேட்டு வாங்கினாய், மோரையும் கேட்டு வாங்கினாய். வெளியே வந்து குடையை விரிக்கும்போது சொன்னாய்: "கல்யாணமானதுலேர்ந்து சாப்பாட்டுல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லடி."

உன் வீட்டில் நீ சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, அடியில் தங்கிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, பாத்திரத்திலிருந்தே வாய்க்குப் போகும். என் வீட்டிலும் அதே கதைதான். அதனால்தான் புதன்கிழமை நமக்கு அத்தனை பெரிய கிழமை ஆயிற்று. அன்றும் நீ வழக்கம்போல டப்பா கட்டிக்கொண்டு வருவாய், வந்ததும் அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவாய். "டப்பா இல்லாம கெளம்பினா கேள்வி வரும். எதுக்கு வம்பு" என்பாய். வாட்ச்மேன் புதன்கிழமைகளில் மட்டும் உனக்கு எழுந்து நின்று வணக்கம் வைப்பார்.

உன் கணவரைப் பற்றி நீ குறை சொல்லி ஆரம்பிப்பாய். அவருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, ஓட்டல் பக்கமே வர மாட்டார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்பார். "என் கை பட்டாத்தான் அவருக்கு எறங்கும்டி" என்று முடிக்கும்போது பார்த்தால் உன் முகத்தில் குறை ஒன்றும் இருக்காது. ஒரு பெருமை வந்து உட்கார்ந்திருக்கும். "பதக்கம் ஒண்ணு செஞ்சு மாட்டிவிடட்டுமா?" என்று நான் சீண்டுவேன். நீ அப்பளத்தை உடைத்து என் இலையில் எறிவாய்.

அந்த அப்பளம்தான் ஒரு நாள் முதலில் உன் தொண்டையில் இறங்காமல் நின்றது. நெஞ்சில் குத்துகிறது என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அப்புறம் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தாய். அப்புறம் குழம்பு சாதத்தை விட்டுவிட்டு நேராக ரசத்துக்குப் போனாய். அண்ணன் வாளியோடு நின்றுகொண்டே, "இன்னா மேடம், சாப்பாடு நல்லா இல்லியா?" என்று கேட்டபோது நீ அவருக்குச் சமாதானம் சொன்னாய். உணவுக்குழாயில் கட்டி என்று டாக்டர்கள் சொல்லும்போது அது நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. கதிர்வீச்சு என்று கரண்டு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கடைசியில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இனி வாய் வழியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் சிரிஞ்சில்தான் என்றார்கள்.

நான் சிட்லபாக்கத்துக்கு உன்னைப் பார்க்க வந்தேன். ஏரிப் பக்கத்துக் காற்று நன்றாக வரும் அந்த வீட்டில், படுத்திருப்பாய் என்று நினைத்து வந்தால் நீ சமையலறையில் நிற்கிறாய். புடவைக்குள் குழாயை மடித்துச் சொருகிக்கொண்டு, அவருக்குக் கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருக்கிறாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாதடி, அவர் தூங்கறார்" என்றாய். "பின்ன அவர் என்ன சாப்பிடுவார்?"

உன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுங்க முடியாது. அந்த வாசனை அத்தனையையும் மூக்கில் வாங்கிக்கொண்டு அவருக்குத் தாளித்துக் கொட்டினாய். அன்றைக்கு எனக்குள் ஒரு முடிவு வந்தது. உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாது, அது டாக்டராலேயே முடியவில்லை. ஆனால் இருக்கிற நாளிலாவது நீ அடுப்பை விட்டு வந்து உட்கார வேண்டும். அது ஒன்றை மட்டும் எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கரண்டு வைக்க உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்துக் கிடந்தது அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவர் அவர்தான். ஆனால் சமையலறை என்று ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது, அதில் நீ நிற்கிறாய் என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு புதன்கிழமை உன்னை ஆட்டோவில் வைத்து மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீதான் கேட்டாய். "சும்மா உக்காந்துட்டு வரேன்டி" என்றாய். அண்ணன் பழக்கத்தில் உன் முன்னாலும் இலையை விரித்தார். "இருக்கட்டும், எல்லாத்தையும் வைங்க. பாத்துட்டுப் போறேன்" என்றாய். உள்ளேயிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யோவ், எடுய்யா எலைய! சாப்புடாத எலையில சோறு வெக்கறது போனவங்களுக்கு. உசுரோட கீறவங்களுக்கு யாருனா படைப்பாங்களா?" என்று புருஷனை விரட்டிவிட்டு உன் பக்கம் திரும்பினாள். "உனக்கு இன்னாக்கா குடுக்கறாங்க?"

நீ புடவையை விலக்கிக் குழாயைக் காட்டினாய். அக்கா உன்னை உள்ளே அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தாள். சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆற்றிக் கொண்டுவந்தாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஊற்றினாள். வெதுவெதுப்பு வயிற்றுக்குள் இறங்கியதும் நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"சூடு போதுமாக்கா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்துங்க" என்றாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நீ பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான். "எங்க வீட்டுக்காரருக்கு என் கையால சமைச்சாத்தான் எறங்கும். நான் போயிட்டா அவர் என்ன பண்ணுவாரோ, அதான் கவலை" என்றாய். உன் கவலையைப் பாரேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மெஸ்ஸிலிருந்து கேரியர் நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன். சாம்பார், வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். நீ சோபாவில் உட்கார வேண்டும், நான் அவருக்குப் பரிமாறுவேன். அதுதான் என் திட்டம். அவர் மேசையில் வந்து உட்கார்ந்து கேரியரைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. வயிறு கெட்டுடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஒரு நாள் சார். அவ ஒரு நாள் உக்காரட்டும்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நீ எழுந்துவிட்டாய். "விடுடி, ஒரு ரசம்தானே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாய். புளியைக் கரைக்கும்போது நீ மேடையில் சாய்ந்து சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். நான் செய்கிறேன் என்று கரண்டியைப் பிடுங்கப் போனால் என்னை முறைத்தாய். அப்படி என்னை நீ முறைத்ததே இல்லை. அந்த ரசத்தை ஊற்றிக்கொண்டு அவர் மூன்று தடவை சோறு வாங்கினார். நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கேரியரை நான் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தோற்றுப்போனேன் என்பதை அன்று பஸ்ஸிலேயே ஒப்புக்கொண்டேன். மாதம் திரும்புவதற்குள் நீ போய்விட்டாய். போவதற்கு முந்தின நாள் காலையிலும் அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

இன்று நான் கார் ஷெட்டுக்குள் நுழைந்தால், உள்பக்க மேசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். அவரேதான். இலையில் வத்தக்குழம்பு சாதம். என்னைப் பார்த்ததும் இடது கையால் நாற்காலியை நகர்த்தினார். "வாங்க மேடம், உக்காருங்க. தாம்பரத்துல ஒரு வேலையா வந்தப்ப இந்த எடம் கண்ணுல பட்டுது. இப்ப தினம் இங்கதான். வயித்த ஒண்ணும் பண்ணல, நல்லா ஒத்துக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ சமையல் மாதிரியே இருக்கு மேடம். கண்ண மூடிட்டுச் சாப்ட்டா வித்தியாசமே தெரியல" என்றார்.

எனக்கு இலை போட்டார்கள். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது, கை மட்டும் பிசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, இந்தப் பக்கமே காணோம்! உன்கூட வருமே அந்தக்கா, எப்படி கீது? கஞ்சி ஊத்தி அனுப்சமே."

அவர் நிமிர்ந்தார். "யாரு மேடம்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாய் கேட்கவில்லை. "அவங்க போயிட்டாங்கக்கா. இவர்தான் அவங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா சார் அது? தன் கையால ஆக்கினாத்தான் உனக்கு எறங்கும்னு சொல்லி சொல்லி அழுதுச்சே அது" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அவ இங்க வருவாளா?" என்று அவர் என்னைக் கேட்டார். "டப்பா கட்டிட்டுத்தானே போவா?"

"புதன்கிழமை வருவா சார். உக்காந்து சாப்பிட."

அவர் கை இலையிலேயே நின்றது. கண்ணிலிருந்து நீர் ஒழுகிச் சோற்றில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. "கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அழுதுகொண்டே பிசைந்தார், அழுதுகொண்டே சாப்பிட்டார். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்து, இலையை மூடிவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது? உன் மேலும் கோபம்தான். நீ படுத்திருந்தால் அன்றே அந்த மனுஷன் அங்கே போய்ச் சாப்பிட்டிருப்பார். உனக்கும் அது உள்ளூரத் தெரிந்திருக்குமோ என்று நினைக்கும்போதுதான் என் வாய் அடைத்துவிடுகிறது. தொண்டை மூடி, உடம்பு காய்ந்து, எல்லாம் கையை விட்டுப் போன பிறகும் நீ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தானே, உன் கை இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது என்பதை.

இறங்கியதடி. கண்ணெதிரே பார்த்தேன்.

நீ போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் நீ இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்திருக்கிறேன். இன்று அந்த மேசையில் மட்டும், நல்லவேளை நீ இல்லை என்று நினைத்தேன். இனி அந்த நினைப்பையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும். நீ உயிரோடு இருந்திருந்தால், செத்தாலும் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன்.