அப்பாவின் புதுத் தாடை

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புற்றுநோய்க் கட்டி கீழ்த்தாடையின் முன்பகுதியை அரித்துவிட்டதால், புதிதாகச் செய்வதற்கு அளவு பார்க்கப் பழைய வடிவமே மிச்சமில்லை. நீ ஒரு வரிகூட எழுதாமல் அப்பாவின் அதே வார்ப்பான உன் தாடையின் ஸ்கேனை மட்டும் அனுப்பினாயே, அதை வைத்துத்தான் கணினியில் வரைந்தேன். எங்கள் மருத்துவமனை பிரிண்டர் டைட்டானியத் தூளை உருக்கி, அடுக்கடுக்காகத் தாடையை அச்சிட்டது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

நேற்று கட்டுப் பிரித்ததும் அப்பா கண்ணாடி கேட்டார். மோவாயைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது அவனோடது மாதிரில்ல இருக்கு?" குழறலாகக் கேட்டார்.

"அவனோடதேதாம்பா."

திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"வாசப்படியே மிதிக்கக்கூடாதுன்னு சொன்னேன். மூஞ்சியிலயே வந்து உக்காந்துட்டானே!" என்று தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. மிச்சத்தை நேரில்தான் திட்டுவாராம். இப்போதே வாயை அசைத்துப் பழகுகிறார்.

உன் அக்கா