மூன்றாவது சோடா

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பூபாலனுக்கு,

அண்ணன் பரந்தாமன் சொல்லச் சொல்ல மருமகள் ஹேமாவதி எழுதுகிறாள். நாக்பூரில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் எனக்கு நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்து ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு இல்லை. ஆனால் குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பு படத்தில் நிறம் மாறித் தெரிகிறதாம். உள்ளே சுவர் புண்ணாகிக் கிடப்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்றார் டாக்டர். மாத்திரை தந்திருக்கிறார். இந்த ஒல்லி உடம்பிலா என்று கேட்டேன். ஒல்லிக்கும் வரும் என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. தொப்பையும் பிரியாணியுமாக இருப்பவன் நீ. உன் அண்ணி பூங்காவனம் வேறு, “ஒன் தம்பியும்தான் கீறாரு, ஒரு மாத்தர உண்டா?” என்கிறாள். அந்தக் காலத்திலும் இதே கதைதான். தீபாவளிக்கு உனக்கு முழுக்கால் சட்டை, எனக்குத் துண்டு. உனக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கீரைக்கொல்லை.

கூடப்பிறந்தவர் இருந்தால் அவரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நீயோ போனில், “நம்ம ஊட்ல ஆருக்கும் நெஞ்சு நோவு கெடையாது, நைனா பாம்பு கடிச்சி செத்தாருன்னு இங்க டாக்டராண்ட சொல்லிட்டேன், ஸ்கேனெல்லாம் வாணாம்” என்றாய். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

நம்மைப் பெற்ற நைனாவைப் பாம்பு கடிக்கவில்லை. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, உனக்குக் கணக்குப் பரீட்சை. கொல்லையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “மார அடைக்கிது பரந்தாமா, வாய்வு போலகீது, சோடா வாங்கியா” என்றார். ஓடிப்போய் மூன்று வாங்கி வந்தேன். இரண்டைக் குடித்தார். மூன்றாவதன் கோலியை நான் அழுத்தும்போது தலை என் மடியில் சாய்ந்தது. படித்த பிள்ளை நீ, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்பாய் என்று பயந்து, அம்மாதான் பாம்பு என்று சொல்லச் சொன்னாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இன்னொன்றையும் ஐம்பது வருடமாக மறைத்தேன். கடைசியாக அவர், “பூபாலன் பரிச்ச முட்ச்சிட்டானா?” என்றுதான் கேட்டார். மடி என்னுடையது, பேர் உன்னுடையது. உனக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

இப்போது கொடுத்துவிட்டேன். டாக்டரிடம் உண்மையைச் சொல். ஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். எல்லாவற்றிலும் நீதான் முந்தினாய். போவதிலாவது பெரியவன் முதலில் போகட்டும். அதையும் என்னிடமிருந்து பறித்துக்கொள்ளாதே, தம்பி.

நூறு வயசு இரு.

உன் அண்ணன்,
பரந்தாமன் (கைநாட்டு)