நீ அழித்த கயிறுகள்

சிவமயம்

இடர் களையும் ஆனைமுகன் அடி போற்றி. ஆலின் கீழ் அமர்ந்து பேசாமலே உணர்த்தும் தென்முகக் குருவின் தாள் போற்றி.

காஹாங், ஜொகூர்
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் லக்ஷ்மனுக்கும் மருமகள் பிரேமளாவுக்கும் அம்மா ஆசியுடன் எழுதுவது. இறைவன் அளந்து கொடுத்த நலத்தில் ஒரு குறையுமில்லாமல் நானும் அப்பாவும் இருக்கிறோம். வான்கூவரில் நீங்கள் இருவரும் அதனினும் கூடுதலாக நலம் பெற்றிருக்க வேண்டும் என்பதே மாலை விளக்கின் முன் என் விண்ணப்பம். இங்கே ஒரு வாரமாகப் பிற்பகல் மழை. பின்வேலி ஓரத்து ரம்புத்தான் இம்முறை கிளை தாழக் காய்த்தது, பாதி குரங்குகளுக்கும் மீதி அக்கம்பக்கத்துக்கும் போயிற்று. கோயிலில் மடைப்பள்ளிக் கூரையை மாற்றுகிறார்கள், அதனால் வெள்ளிக்கிழமைப் பொங்கல் இப்போது நம் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது.

உன் நீண்ட செய்தியை ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்தேன். உங்கள் ஊர்க் கோடையில் வந்த பெரிய படங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டன என்றும், உன் அலுவலகத்தில் மேசைகள் காலியாகின்றன என்றும் எழுதியிருந்தாய். சண்டை பிடித்துக்கொண்டே திரியும் இரண்டு போலீஸ்காரர்களின் கதை, அந்த இரண்டாம் பாகம் ஒன்றுதான் மக்களைச் சிரிக்க வைத்தது என்றும், அதிலும் நடிகர்களின் பெயரைச் சொன்னவர்களே தவிர உங்களை நினைத்தவர் ஒருவருமில்லை என்றும் நொந்திருந்தாய். அடுத்த படத்துக்கு இருக்கிறாயா என்று கேட்கிறார்கள், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்பது உன் கேள்வி. அந்தப் படத்தில் ஓராண்டாக நீ செய்தது இன்னதென்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். நடிகர்கள் உயரத்திலிருந்து குதிக்கும்போது அவர்களைத் தாங்கும் கயிறுகளை, படத்தில் தெரியாதபடி, கணினியில் ஒவ்வொன்றாக அழிப்பது. அப்பாவிடம் சொல்லாதீர்கள் அம்மா, கள்ளனைத் துரத்திப் பிடித்தவர் அவர், அழிப்பதும் ஒரு வேலையா என்பார் என்று கேட்டுக்கொண்டாய். நானும் சரியென்றேன். அந்த வாக்கை நேற்று மாலை மீறினேன், மகனே. நடந்ததை முழுவதும் படித்தபின் என்னைக் கோபித்துக்கொள்.

அப்பாவின் நிலை உனக்குத் தெரியும். தைமாதத்தில் வந்த அந்தப் பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் தேறிவிட்டன, ஆனால் வாய் இடப்பக்கம் கோணிக்கொள்கிறது, சொல் தாமதித்து வருகிறது. சிரித்தால் கோணல் கூடுகிறது என்பதால் சிரிப்பதையே விட்டார், கோயிலுக்கும் வரமாட்டேன் என்றார். அவர் வாயெடுத்தால் மீதியை நானே சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. இதைப் பார்த்துப் பொறுக்காமல், அவரோடு போலீஸில் பல ஆண்டு ஒரே ரோந்து வண்டியில் சுற்றிய அய்யாவு வந்து, தம்பி வேலை செய்த படம் குளுவாங்கில் ஓடுகிறது, நீங்கள் பார்க்காமல் யார் பார்ப்பது, சும்மா வாங்க சார்ஜன் என்று மூன்று சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். நாள் எது என்று நான் கேட்கவில்லை. நேற்று விடியலில் நீராடி, தென்முகக் கடவுளுக்கு மலர் சாத்தி, வழக்கம்போல் வியாழக்கிழமை மௌன விரதம் தொடங்கிய பிறகுதான் வாசலில் அய்யாவுவின் கார் வந்து நின்றது. எடுத்த விரதத்தை மாலை விளக்கேற்றும்வரை முறிப்பதில்லை. எழுதிக் காட்டுவதையும் பேச்சாகவே கொள்பவள் நான். ஆகவே வாய் மூடியபடியே ஏறி உட்கார்ந்தேன். டீச்சரம்மா பேசாமல் வருவதால் காரில் காற்று நிறைய இருக்கிறது என்று அய்யாவு கேலி செய்தார். முதல் பாகத்தின் கதையை குளுவாங் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அரங்கம் பெரும்பாலும் காலி. சில வாரங்களாகவே இப்படித்தான் என்று சீட்டுக் கொடுத்த பெண் சொன்னாள். அவளிடம் பேச வழக்கம்போல் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் கைகூப்பினேன். அவரே மலாயில், மெல்ல, முதியவர் சலுகையும் கேட்டு வாங்கினார். படத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். துப்பாக்கிச் சத்தத்தில் பாதியைக் குறைத்திருக்கலாம், வாய்ச்சொல் சில இடங்களில் காது பொத்த வைத்தது, வில்லன் வரும்போதெல்லாம் எனக்குக் கண் செருகியது. ஆனால் அந்த இருவர் இருக்கிறார்களே, ஒருவன் சட்டையில் பொத்தான் தவறாதவன், மற்றவன் எதையும் யோசியாமல் பாய்பவன், அவர்கள் பிணக்கும் இணக்கும் உண்மையானவை. நட்பு என்பது நயம்பட உரைப்பது மட்டுமன்று, இடித்துரைத்த பின்னும் பக்கத்தில் நிற்பது என்று நம் முன்னோர் வகுத்ததை அந்த ஆர்ப்பாட்டத்துக்குள்ளும் கண்டேன்.

இருவரும் ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு ரயில் பாலத்திலிருந்து குதித்து, யாருடைய தவறென்று அந்தரத்திலேயே வாதாடியபடி வாத்து ஏற்றிய லாரியில் விழுகிறார்களே, அங்கேதான் ஆரம்பித்தது. அலமாக் என்று அலுத்துக்கொண்டு, கயிறு கட்டாமல் எவன் குதிப்பான், கயிறு இருக்கும் என்றார் அய்யாவு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "கயிறு இல்லை. நான் பார்த்தனான்" என்றார். சார்ஜனுக்கு வயசாச்சு, கண் தெரியவில்லை என்று அய்யாவு சீண்ட, "கண் நல்லா இருக்கு. வாய்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு, மகனே, அவர் சிரித்தார். இருட்டில் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும், எங்களுக்கு முன்வரிசையிலிருந்த மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. வாய் கோணியே இருந்தது. அதை மறைக்க அவர் கை எழவில்லை.

வழக்கு சாப்பாட்டுக் கடைவரை தொடர்ந்தது. உடம்பு சாயும் விதம், கால் மடங்கும் விதம், காற்றில் சட்டை பறப்பது எல்லாம் எடுத்துச் சொல்லி, நீதிமன்றக் கூண்டில் நின்றவர் போல் அப்பா வாதாடினார். சொல் இடறியது, நின்று தேடி எடுத்தார், எடுத்துக் கொடுக்க நான் இல்லை. தமக்குச் சீனியில்லாத் தேநீரையும் எனக்கு ரொட்டியையும் அவரே கேட்டார். கடைக்காரரும் கரண்டியோடு வந்து அய்யாவு பக்கம் சேர்ந்துகொண்டார். விடை என் நாவின் நுனியில் இருந்தது, விரதமோ உதட்டின் மேல் இருந்தது. அந்த மாலைப் பொழுதைப் போல் நீண்ட மௌனத்தை நான் அறிந்ததில்லை.

வீடு வந்து விளக்கேற்றி, வணங்கி, முதற்சொல்லாக இறைவன் நாமம் சொல்லி, இரண்டாவதாக இதைச் சொன்னேன்: கயிறு இருந்தது, அதை அழித்தது உங்கள் மகன். கூடவே உள்ளே வந்திருந்த அய்யாவு வென்றவராகத் தொடையில் தட்டினார். அப்பா விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வலித்துவிட்டதோ என்று நான் அஞ்சிய வேளையில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "முப்பது வருஷத்தில ஒரு கள்ளனும் என்னை ஏமாத்தேல்லை. இவன் ஏமாத்திப்போட்டான்." சொல்லிவிட்டு அய்யாவுவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ பட்டம் வாங்கிய அன்று அவர் பார்த்த பார்வை அது. இப்போது தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்கிறார். காலையில் தானாகவே என்னோடு கோயிலுக்கு வந்தார்.

உன் கேள்விக்கு வருகிறேன். இறைவனுக்குத் தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். நான்காவதான மறைத்தலைச் சொல்ல மறப்பார்கள். உயிர் விளையாடி முதிரும்வரை தாங்கும் கையைத் தெரியாமல் வைத்திருப்பதும் அவன் கருணைதான் என்று பெரியோர் கூறுவர். தாங்குகிற கயிறு தெரிந்திருந்தால் அப்பா வாதாடியிருக்க மாட்டார், வாதாடாவிட்டால் அந்தச் சொற்கள் அவர் வாயில் வந்திருக்காது. உன் வேலை கண்ணில் படாததற்காக நீ வருந்துகிறாய். அது படாமலிருந்ததனால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் இவ்வளவு தாள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்றாயே, அவரிடம் அதையும் சொன்னேன். "வேலையை விட வேண்டாமெண்டு சொல்லு. இன்னும் நிறையக் கயிறு அழிக்கட்டும்" என்றார். என் பதிலும் அதுதான். அந்த அலுவலகமே மூடிப்போனால் வா, வாசல் திறந்திருக்கும். அப்பாவைப் பார்க்க ஆசை வந்தால் தீபாவளிக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு வா. செய்தது வீண் என்று எண்ணிக்கொண்டு மட்டும் வராதே.

கண்ணுக்கு வேலை கொடுக்கிறவன் கண்ணுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. பிரேமளா கேட்ட சரக்குத்தூளை வறுத்து அரைத்து அனுப்பியிருக்கிறேன், ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல். மாத முடிவுக்கு முன் அவர்களுக்கு உன் சம்மதத்தைச் சொல்லிவிட்டு அன்றே அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடு. அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்துக் கேள், இடையில் நானும் பேசமாட்டேன்.

உன் கையில் திறமும் மருமகள் முகத்தில் மலர்ச்சியும் உங்கள் அடுப்பில் அன்னமும் குறையாமல், உங்கள் இல்லத்தில் அடியெடுத்து வைப்போர் எல்லோரும் மனம் குளிர்ந்து திரும்ப, கூத்தப்பெருமான் உங்களைத் தாங்கியருள்வாராக.

என்றும் உங்கள் நலம் வேண்டும்
அம்மா
தவமணிதேவி கதிரேசு